பாடநூலில் இடம் இழந்த பரிணாமமும் இடம் பிடித்த விமானமும்

2023ஆம் ஆண்டில் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டி கொண்டுவந்த இரண்டு வெளியீடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், சமய நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் இடையிலான உரசல் நம் நாட்டில் எந்த வடிவம் எடுத்திருக்கிறது என்பது புலப்படும். முதலாவது, பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் புதிய பதிப்பு. அதில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் வெறும் 'மரபு' ஆகச் சுருங்கி, டார்வினும் தொல்லுயிர் எச்சங்களும் மனித இனத்தின் தோற்றமும் மொத்தமாக நீக்கப்பட்டிருந்தன. இரண்டாவது, சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைக் கொண்டாடும் விதமாக அக்டோபர் மாதம் மாணவர்களுக்காக வெளியிடப்பட்ட சிறப்புத் தொகுப்பு. வைமானிக சாஸ்திரம் என்ற நூலைச் சுட்டிக்காட்டி, பறக்கும் ஊர்திகளைப் பற்றிய அறிவு பண்டைக் காலத்திலேயே நம்மிடம் இருந்தது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்தபோது, புராணங்களும் தத்துவங்களும் கருத்துகளைத் தருகின்றன, அக்கருத்துகளே புதிய கண்டுபிடிப்புகளுக்கு வழிவகுக்கின்றன என்ற பொருளில் அரசுத் தரப்பு விளக்கமளித்தது.

பரிணாமம் நீக்கப்பட்டதற்குச் சமயக் காரணம் எதுவும் அதிகாரபூர்வமாகச் சொல்லப்படவில்லை. கொரோனா காலத்தில் பின்தங்கிய மாணவர்களின் சுமையைக் குறைக்க, 2022இல் தொடங்கிய பாடச் சீரமைப்பின் ஒரு பகுதி இது என்றும், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கவே செய்கிறது என்றும் என்சிஇஆர்டி கூறியது. தனிம வரிசை அட்டவணைப் பாடமும் பத்தாம் வகுப்பிலிருந்து எடுக்கப்பட்டதைச் சுட்டி, இதில் உள்நோக்கம் இல்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. நோக்கத்தை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. விளைவைப் பார்த்தால் போதும். பத்தாம் வகுப்போடு அறிவியலை எல்லாரும் சேர்ந்து படிப்பது முடிந்துவிடுகிறது. வணிகவியலும் வரலாறும் கணினி அறிவியலும் எடுக்கும் மாணவர்கள் அதன்பிறகு உயிரியல் புத்தகத்தைத் திறக்கப்போவதில்லை. எனவே பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது என்ற பதில், உயிரியலைத் தேர்ந்தெடுக்கும் சிலருக்கு மட்டுமே பொருந்தும் பதில். 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் 2023 ஏப்ரலில் கையெழுத்திட்ட திறந்த மடல் இதைத்தான் முறையிட்டது.

நீக்கப்பட்ட பக்கங்களில் என்ன இருந்தது என்பதை நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இழப்பு அங்கேதான் தெரிகிறது. பச்சை இலைகள் நிறைந்த புதரில் வாழும் பன்னிரண்டு சிவப்பு வண்டுகளை அந்தப் பாடம் கற்பனை செய்துகொள்ளச் சொன்னது. முதல் சூழலில், இனப்பெருக்கத்தின்போது தற்செயலாக ஒரு பச்சை வண்டு பிறக்கிறது. காகங்களின் கண்ணுக்குச் சிவப்பு வண்டுகள் எளிதில் படுகின்றன, பச்சை வண்டு இலைக்குள் மறைந்து தப்புகிறது. தலைமுறைகள் செல்லச் செல்லப் பச்சை பெருகுகிறது. இரண்டாம் சூழலில் நீல வண்டு ஒன்று பிறந்து பெருகத் தொடங்குகிறது. நீல நிறத்தால் அதற்கு நன்மை எதுவும் இல்லை. ஆனால் யானை ஒன்று புதரை மிதித்துவிட, பிழைத்தவற்றில் பெரும்பாலானவை தற்செயலாக நீலமாக இருந்ததால் நீல வண்டுகள் மிகுந்துவிடுகின்றன. மூன்றாம் சூழலில் செடிகளுக்கு நோய் வந்து, உணவு குறைந்து, வண்டுகள் மெலிகின்றன. நோய் தீர்ந்ததும் பழைய எடைக்குத் திரும்புகின்றன, மெலிவு பிள்ளைகளுக்குப் போவதில்லை.

இந்த மூன்று சூழல்களில் இயற்கைத் தேர்வும், தற்செயல் மாற்றமும், மரபாகக் கடக்காத மாற்றமும் தனித்தனியே பிரித்துக் காட்டப்பட்டுவிடுகின்றன. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, மாற்றம் என்பது யாரோ ஒருவர் நினைத்து நடத்துவதாக இருக்க வேண்டியதில்லை, அதற்கான காரணத்தை நாமே படிப்படியாகத் தேடிப் பார்க்கலாம் என்ற சிந்தனைப் பயிற்சியை இதைவிட எளிமையாக யாரும் கொடுத்துவிட முடியாது. கொரோனா வைரஸின் டெல்டா வகை முதலில் கண்டறியப்பட்டது இந்தியாவில்தான். மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமிகளோடு நம் அரசு மருத்துவமனைகள் நாள்தோறும் போராடுகின்றன. இவை இரண்டுமே பரிணாமம் கண்முன் நடப்பதற்கான சான்றுகள். பெருந்தொற்றின் சுமையைக் காரணம் காட்டி, அந்தத் தொற்று ஏன் உருமாறிக்கொண்டே இருந்தது என்பதை விளக்கும் பாடத்தையே எடுத்தது மிகப் பெரிய பிழை என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூல் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்ற தனி அலகைக் கொண்டிருந்தது என்பதால், இந்த வயதில் இதைக் கற்பிப்பது சுமை என்ற வாதமும் நிற்கவில்லை.

மற்ற நாடுகளில் இந்த மோதல் நேருக்கு நேர் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், 1925இல் பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது வழக்கு நடந்து 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளி வாரியம் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் படைப்புக் கொள்கையை உயிரியல் வகுப்புக்குள் நுழைக்க முயன்றபோது, அது அறிவியல் அன்று, சமயமே என்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். துருக்கி 2017இல் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து பரிணாமத்தை நீக்க முடிவெடுத்தது. இங்கெல்லாம் வேதம் சொல்வது ஒன்று, அறிவியல் சொல்வது வேறொன்று என்பதே சிக்கல்.

இந்தியாவில் வழக்கு வேறு. 2018 ஜனவரியில் மத்திய உயர்கல்வி இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறுவதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் கொள்கை தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேசியதும், நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக மறுப்பு வெளியிட்டதும் அமெரிக்க மோதலை நினைவூட்டினாலும், இங்கே அது அரிதான வகை. பெரும்பாலும் நம் ஊரில் நம்பிக்கை அறிவியலை மறுப்பதில்லை. அதற்கு முன்பிறந்தவன் என்று உரிமை கோருகிறது. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கௌரவர்கள் நூறு பேரும் ஸ்டெம் செல், சோதனைக்குழாய் தொழில்நுட்பத்தால் பிறந்தவர்கள் என்றும், தசாவதாரம் டார்வினைவிட மேலான கொள்கை என்றும் பேசினார். பள்ளிப் பிள்ளைகளும் கலந்துகொண்ட மேடை அது. 2014 அக்டோபரில் மும்பையில் மருத்துவமனை விழா ஒன்றில் பிரதமர் நரேந்திர மோடி கர்ணனின் பிறப்பை மரபணு அறிவியலோடும் விநாயகரின் தலையைப் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையோடும் இணைத்துப் பேசியதும் இதே வரிசையில் சேரும். இந்தப் பேச்சுகள் அறிவியலின் மதிப்பை ஒப்புக்கொள்கின்றன, அந்த மதிப்பைத் தமக்கும் கேட்கின்றன, ஆனால் அந்த மதிப்பு எந்தச் சோதனையால் வந்ததோ அந்தச் சோதனைக்கு மட்டும் உட்பட மறுக்கின்றன.

வைமானிக சாஸ்திரத்தின் கதையை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அந்த நூலை அறிவியலாளர்கள் ஏளனமாகத் தள்ளிவிடவில்லை. எடுத்துப் படித்தார்கள், அளந்தார்கள். ஓசூருக்கு அருகே கர்நாடக எல்லைக்குள் இருக்கும் ஆனேக்கல்லைச் சேர்ந்த சுப்பராய சாஸ்திரி என்பவர், பரத்வாஜ முனிவர் தமக்கு உள்ளத்தில் உணர்த்தியதாகச் சொல்லி, இருபதாம் நூற்றாண்டின் முதற்கால் பகுதியில் வாய்மொழியாக உரைக்க, உடனிருந்தவர் எழுதிக்கொண்ட சமஸ்கிருதச் செய்யுள்களே இந்நூல். அதிலுள்ள விமானப் படங்களை வரைந்தவர் எல்லப்பா என்னும் பெங்களூர்ப் படவரைவாளர். 1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த முகுந்தா உள்ளிட்ட ஐந்து பேராசிரியர்கள் இந்த நூலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். நூலின் மொழிநடையை ஆராய்ந்து, இது வேத காலத்து மொழி இல்லை, நவீன சமஸ்கிருதம் என்று கண்டனர். நூல் எழுந்த வரலாற்றைத் தேடி, சாஸ்திரியை அறிந்தவர்களைச் சந்தித்து, நூல் 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்று முடிவுக்கு வந்தனர். அதன்பின் சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்னும் நான்கு விமானங்களின் வடிவத்தையும், எடையையும், உந்துவிசை முறையையும் நியூட்டனின் விதிகளை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தனர். நான்கில் எதற்கும் பறக்கும் தகுதி இல்லை என்பதும், சொல்லப்பட்ட உந்துமுறைகள் பறப்பதற்கு உதவுவதற்குப் பதிலாகத் தடையாகவே இருக்கும் என்பதும் அவர்களுடைய முடிவு.

இந்த ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணம் அதன் முடிவு மட்டுமன்று. பழம்பெருமை பேசும் ஒரு நூலை எப்படி அணுக வேண்டும் என்பதற்கு அது ஒரு முன்மாதிரி. மொழியை மொழி வரலாற்றின் அளவுகோலாலும், இயந்திரத்தை இயந்திரவியலின் அளவுகோலாலும் சோதித்தார்கள், எவரையும் இழிவுபடுத்தவில்லை. ஆனால் 2015இல் மும்பை அறிவியல் மாநாட்டில் பண்டைய விமானவியல் பற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டபோதும், 2023இல் சந்திரயான் தொகுப்பு எழுதப்பட்டபோதும், 1974இன் அந்த ஆய்வு இல்லாதது போலவே நடந்துகொண்டார்கள். ஒருமுறை சோதித்துத் தீர்ந்த கேள்வி மாணவரிடம் புதிய செய்தியாக வந்து சேர்வதுதான் கல்வியில் நேரும் உண்மையான கேடு.

இத்தகைய உரிமைகோரல்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பரிவோடு புரிந்துகொள்ளவும் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தியரின் நூல்களில் கற்கத்தக்கது ஒன்றுமில்லை என்று ஆட்சியாளர்கள் சொன்ன காலத்தில், ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி வேதங்களில் கப்பலும் விமானமும் தந்தியும் இருப்பதாக உரை எழுதினார். அவமதிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் தன்மானம் அப்படிப் பேசியது. அன்று அது எதிர்ப்புக்குரல். இன்று ஆட்சி நம் கையில், பல்கலைக்கழகங்கள் நம் கையில், ராக்கெட் ஏவுதளம் நம் கையில் இருக்கும்போது, அதே பேச்சு உண்மையான சாதனைகளை மறைக்கும் திரையாகிவிடுகிறது. விநாயகரைப் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைக்குச் சான்றாக்கும்போது, மூக்கறுபட்டவருக்குத் தோலை ஒட்டி மூக்கமைக்கும் முறையைச் சுசுருதர் பெயரிலான பண்டைய மருத்துவ நூல் விவரித்ததும், அத்தகைய சிகிச்சை ஒன்றின் செய்தி 1794இல் லண்டன் இதழில் படத்துடன் வெளிவந்து, 1814இல் ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் அதைப் பின்பற்றிச் சிகிச்சை செய்ததும் பேசப்படாமல் போகின்றன. கலிலியோ பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே கேரளத்துக் கணித அறிஞர் சங்கமகிராமத்து மாதவர் முடிவிலித் தொடர்களைக் கையாண்டார் என்பது எத்தனை பள்ளிகளில் சொல்லப்படுகிறது?

சான்றுக்கும் சாத்திரத்துக்கும் இடையிலான இழுபறி மேற்கிலிருந்து இறக்குமதியானதும் இல்லை. கி.பி. 499இல் ஆர்யபட்டர், சந்திரனை மறைப்பது பூமியின் நிழல், சூரியனை மறைப்பது சந்திரன் என்று எழுதினார். வராகமிகிரரும் இதை ஏற்றார். அடுத்த நூற்றாண்டில் வந்த பிரம்மகுப்தர் தாமே மிகச் சிறந்த கணித அறிஞர், கிரகணத்தைச் சரியாகக் கணிக்கத் தெரிந்தவர். இருந்தும், ராகுதான் காரணம் என்னும் வேத, ஸ்மிருதி வழக்கை மறுப்பவர்களைக் கண்டித்து எழுதினார். பதினோராம் நூற்றாண்டில், மத்திய ஆசியாவிலிருந்து வந்த அறிஞர் அல்பிரூனி இதைப் படித்துவிட்டு, உண்மை தெரிந்த ஒருவர் ஏன் இப்படி எழுத நேர்ந்தது என்று வியந்து குறித்து வைத்திருக்கிறார். கணக்கு ஒன்றைச் சொல்ல, மரபு வேறொன்றைச் சொல்லும்படி கேட்க, நடுவில் நின்ற அறிஞரின் நெருக்கடி அது. நம் மரபுக்குள்ளேயே ஆர்யபட்டரின் பக்கமும் உண்டு, பிரம்மகுப்தரின் இந்தத் தயக்கமும் உண்டு. எதைப் பிள்ளைகளுக்குக் கைமாற்றுவது என்பதே கேள்வி.

உயர்கல்வியில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு, சோதிடத்தை 'ஜோதிர் விஞ்ஞானம்' என்ற பெயரில் பட்டப்படிப்பாக நடத்தப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி அறிவித்தது. ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தை நிறுவிய பி.எம். பார்கவா எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். ஆந்திர உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2004இல் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. கல்வி வல்லுநர் குழுவின் முடிவில் நீதிமன்றம் தலையிடாது, இது விருப்பப் பாடம்தான், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். சோதிடம் அறிவியலா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியதில்லை என்பதை ஏற்கலாம். ஆனால் அதை யாராவது தீர்மானிக்க வேண்டுமே.

வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் அந்த வேலையைச் செய்தார். படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் பிறப்பு விவரங்களைத் திரட்டி ஜாதகம் கணித்து, சோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகங்கள் அனுப்பி, எது எந்த வகை என்று கேட்டார். 27 சோதிடர்கள் விடை அனுப்பினர். சராசரியாக 46 விழுக்காடு சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைத்திருக்கும். 2009இல் கரண்ட் சயின்ஸ் இதழில் இந்த முடிவு வெளியானது. சோதிடர்களையும் சேர்த்துக்கொண்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட களத்திலேயே நடத்திய சோதனை இது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் சோதிடம் கற்பிக்கப்படலாம், அதனுடன் இந்தக் கட்டுரையும் கற்பிக்கப்படுமானால்.

அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் நரேந்திர தபோல்கர். மருத்துவராக இருந்து, மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தைக் கட்டியவர். கடவுளையோ வழிபாட்டையோ தடுக்கும் சட்டத்தை அவர் கேட்கவில்லை. நரபலியையும், பேய் ஓட்டுவதாகச் சொல்லி நோயாளிகளை வதைப்பதையும் குற்றமாக்கும் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடினார். 2013 ஆகஸ்ட் 20 அன்று காலை, புனேயில் நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உயிரோடு இருந்தவரை நிறைவேறாத சட்டம், அவர் இறந்த சில நாட்களில் அவசரச் சட்டமாகவும், அந்த ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமாகவும் வந்தது. 2024 மே மாதம் புனே சிறப்பு நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, மூவரை விடுவித்தது. கேள்வி கேட்பது உயிருக்கு ஆபத்தானதாக இருக்கும் நாட்டில், பாடநூல் தகராறு வெறும் கல்வித்துறைத் தகராறாக இருக்க முடியாது.

அரசியலமைப்பின் 51ஏ(எச்) பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் விசாரித்தறியும் உணர்வையும் வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக்குகிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தில் இது சேர்ந்தது. 1980இல் நம் நீலகிரியின் குன்னூரில் கூடிய அறிஞர்கள், அடுத்த ஆண்டு அறிவியல் மனப்பான்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டபோது, சமூகச் சிந்தனையாளர் ஆஷிஷ் நந்தி அதற்கு எதிரறிக்கை எழுதினார். அறிவியலின் பெயரால் அதிகாரம் செய்யும் அரசும் நிறுவனங்களும் எளிய மக்களின் அறிவை இழிவுபடுத்துகின்றன என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அணைகளுக்காகவும் சுரங்கங்களுக்காகவும் வெளியேற்றப்பட்டவர்களிடம் அறிவியல் என்ற சொல் எப்படி ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த நியாயம் வைமானிக சாஸ்திரத்தைப் பாடநூலில் வைப்பவருக்கு உதவாது, ஏனெனில் அங்கே பேசுபவர் எளிய மக்கள் இல்லை, அரசே பேசுகிறது.

தமிழர்களாகிய நாமும் நம் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட விலங்கு ஒற்றுமையை விளக்க, 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர் லெமூரியா என்னும் மூழ்கிய நிலத்தைக் கற்பனை செய்தார். கண்டங்களே நகர்கின்றன என்பது நிறுவப்பட்டதும் அறிவியல் அதைக் கைவிட்டது. நாமோ அதைக் குமரிக்கண்டத்தோடு இணைத்து இன்றும் விடாமல் இருக்கிறோம். கடல்கோள் பற்றிய இலக்கிய நினைவு மதிக்கத்தக்கது. கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்ததால் கரையோர நிலம் மூழ்கியதும் உண்மை. ஆனால் மடகாஸ்கர் வரை நீண்ட கண்டத்தில் தமிழர் வாழ்ந்தனர் என்பதற்கு இடமே இல்லை, மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மனித இனத்தின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். விமானத்துக்கு ஓர் அளவுகோலும் குமரிக்கு வேறோர் அளவுகோலும் வைத்துக்கொண்டால் நம் பேச்சுக்கு வலு இராது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நம்பிக்கையாளர்களோடு எனக்கு வழக்கில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்படுவதற்கு முந்தைய நாள், இஸ்ரோ குழுவினர் அதன் சிறு மாதிரியைத் திருமலைக்கு எடுத்துச் சென்று வழிபட்டதைப் பலர் கேலி செய்தனர். அதில் கேலிக்கு ஒன்றுமில்லை. 2019இல் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கும் கலம் நொறுங்கியபின், அதே குழுவினர் தவறு எங்கே என்று தேடினர், கால்களை வலுவாக்கினர், எரிபொருளைக் கூட்டினர், இறங்கும் இடத்தை அரைக் கிலோமீட்டர் சதுரத்திலிருந்து நான்கு கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தனர், எதெல்லாம் தவறாகப் போகலாம் என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் சோதித்தனர். வழிபாடு அவர்களுடைய மனத்துக்கு, சோதனை கலத்துக்கு. இரண்டும் ஒன்றன் இடத்தை ஒன்று பிடிக்கவில்லை.

பாடநூலில் செய்ய வேண்டியதும் கடினமானதன்று. பாடப்பிரிவுகள் பிரியும் முன்பாகவே, பத்தாம் வகுப்புக்குள், வண்டுகளின் பாடம் திரும்பி வர வேண்டும். பண்டைய இந்திய அறிவியல் பற்றிய பாடத்தில் ஆர்யபட்டரின் நிழலும் மாதவரின் தொடர்களும் சுசுருதரின் மூக்கும் இடம்பெற வேண்டும். வைமானிக சாஸ்திரத்தை மாணவர் அறிய வேண்டும் என்று அரசு கருதுமானால் அதையும் வைக்கலாம், அருகிலேயே 1974ஆம் ஆண்டு ஆய்வின் கணக்குகளையும் வைத்து. சுந்தர விமானத்தின் படத்தையும் அளவுகளையும் கையில் கொடுத்து, எடை என்ன, உந்துவிசை எந்தத் திசையில், இது தரையை விட்டு எழும்புமா என்று பதினோராம் வகுப்பு இயற்பியல் மாணவரைக் கணக்கிடச் சொல்லலாம்.